பயிற்சிக்காகப் பள்ளியை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். மூளை முடக்குவாதம், இரண்டு கால்களிலும் இறுக்கம் என்றார்கள். வாக்கர் பிடித்து நடப்பான். நன்றாகப் பேசுவான், பாடத்தில் எதைக் கேட்டாலும் பதில் சொல்வான். எங்கள் ஊர் ஒன்றியப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். எழுதத்தான் ரொம்ப நேரம் ஆகிறது. கணக்கு நோட்டில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்பதில்லை. வாரம் ஒரு நாள் வட்டார வள மையத்தில் பிசியோதெரபி கொடுக்கிறார்கள். “ஒரு வருடம் பள்ளியை நிறுத்திவிட்டு தினமும் பயிற்சி கொடுத்தால் நடந்துவிடுவான், அப்புறம் படிக்கட்டும்” என்கிறார்கள் உறவினர்கள். வகுப்பு ஆசிரியரும் அப்படித்தான் நினைக்கிறார். நான் வீட்டில் சரியாகப் பயிற்சி கொடுக்காததால்தான் இப்படி இருக்கிறானோ என்ற கவலையும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சகோதரி, பள்ளியை நிறுத்தாதீர்கள். ஒரு வருடம் என்ன, ஒரு மாதம்கூட வேண்டாம்.

முதலில் உங்கள் கடைசிக் கவலைக்கு வருகிறேன். மூளை முடக்குவாதம் என்பது வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு மூளையின் உட்பகுதியில், கால்களுக்குச் செல்லும் நரம்பு இழைகள் இருக்கும் இடம் எளிதில் பாதிக்கப்படும். உங்கள் மகனுக்குக் கைகளைவிடக் கால்களில் இறுக்கம் அதிகமாக இருக்க அதுதான் காரணமாக இருக்கும். நீங்கள் காலையில் பயிற்சி கொடுத்தீர்களா, மாலையில் கொடுத்தீர்களா, சில நாள் விட்டுவிட்டீர்களா என்பதெல்லாம் இதற்குக் காரணமே இல்லை.

அடுத்து, ‘ஒரு வருடம் பயிற்சி கொடுத்தால் நடந்துவிடுவான்’ என்ற நம்பிக்கை. இதைச் சொல்ல எனக்கு மனம் கனக்கிறது, ஆனால் மறைப்பது உங்களுக்குச் செய்யும் உதவியாக இருக்காது. இந்தக் குழந்தைகள் உட்காருவது, நிற்பது, நடப்பது போன்றவற்றில் எட்டக்கூடிய திறனில் ஏறக்குறைய 90 சதவீதத்தை ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள். ஒன்பது வயதில் வாக்கர் பிடித்து நடக்கும் பிள்ளை, ஒரு வருடம் பள்ளிக்குப் போகாமல் பயிற்சி எடுத்தால் வாக்கரை விட்டுவிடுவான் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்காகப் பிசியோதெரபி வீண் என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிற நடையைக் காப்பாற்றவும், தசை பலத்தைக் கூட்டவும், மூட்டுகள் மடங்கியபடி இறுகிப்போகாமல் பார்க்கவும் அது வேண்டும். முக்கியமாக இனி வரும் வருடங்களில் பிள்ளை சட்டென்று உயரம் போடும்போது எலும்பு வேகமாக வளரும், இறுகிய தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளைகள்கூட அப்போது முழங்காலை மடக்கிக் குனிந்து நடக்க ஆரம்பிப்பார்கள்.

பயிற்சி என்றதும் பலரும் காலைப் பிடித்து இழுப்பதையும், பிள்ளை அழுவதையும்தான் நினைக்கிறார்கள். தினமும் சில நிமிடம் கையால் இழுத்து நீட்டுவதால் மட்டும் தசை இறுக்கம் நின்றுவிடும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. பிள்ளைக்குத் தேவைப்படும் ஒரு வேலையை, அது நடக்கும் இடத்திலேயே, அவனே திரும்பத் திரும்பச் செய்து பழகுவதுதான் பலன் தருகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த இடம் பள்ளிக்கூடம் தவிர வேறு எது? பெஞ்சிலிருந்து எழுவது, வாக்கரோடு வகுப்பு வாசல்படியைத் தாண்டுவது, சத்துணவுத் தட்டை ஏந்துவது, பையிலிருந்து நோட்டை எடுப்பது எல்லாமே பயிற்சிதான்.

இனி எழுத்து விஷயம். இங்கேதான் ஆக்குபேஷனல் தெரபி வருகிறது. உடலின் அசைவையும் நடையையும் பிசியோதெரபிஸ்ட் கவனிக்கிறார் என்றால், எழுதுவது, சாப்பிடுவது, பட்டன் போடுவது, கழிப்பறை போவது என அன்றாட வேலைகளைப் பிள்ளை தானே செய்ய வழி பார்ப்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்.

உங்கள் மகன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நாள் போய்ப் பாருங்கள். கால் தரையில் பதிகிறதா, தொங்குகிறதா? இடது கை என்ன செய்கிறது? நான் பார்க்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பெஞ்சு விளிம்பை இடது கையால் இறுகப் பிடித்திருப்பார்கள். கால் தொங்கினால் இடுப்பு நழுவும், விழுந்துவிடாமல் இருக்க ஒரு கை முழுநேரமும் பிடிமானத்துக்குப் போய்விடும். நோட்டைப் பிடிக்கக் கை இல்லை. நோட்டு நகர்கிறது, எழுத்து கோடு தாண்டுகிறது, எல்லோரும் ‘கையெழுத்து மோசம்’ என்கிறார்கள். காலுக்குக் கீழே சரியான உயரத்தில் ஒரு மரப்பெட்டி வையுங்கள். பாதம் முழுவதும் பதிய வேண்டும், முழங்கால் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். நோட்டைப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டுக் கொடுங்கள். பென்சில் கொஞ்சம் தடிமனாக இருந்தால் நல்லது. இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. உங்கள் ஊர் ஆசாரியே பெட்டியைச் செய்து தந்துவிடுவார்.

கணக்கு நோட்டில் எண்கள் வரிசையில் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை, இதைக் கவனித்தீர்கள். குறைமாதத்தில் பிறந்து, கால் இறுக்கமும் உள்ள பிள்ளைகளில் பலருக்கு மாறுகண், பார்வைக் குறைபாடு இருக்கும். கண் நன்றாகத் தெரிந்தாலும், பார்ப்பது எங்கே இருக்கிறது, எதற்கு நேராக இருக்கிறது என்று மூளை பிரித்தறிவதில் சிக்கல் இருக்கலாம். அதைச் சோம்பல் என்றோ கவனக்குறைவு என்றோ நினைத்துத் திட்டிவிடுகிறார்கள். கண் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்யுங்கள். கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு வாங்கி, ஒரு கட்டத்துக்கு ஓர் எண் என்று எழுதச் சொல்லுங்கள். கரும்பலகைக்கு நேராக, முன்பெஞ்சில் இடம் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எழுத்து மெதுவாகத்தான் வரும் என்றால், எழுதும் அளவைக் குறைக்கலாம். பத்துக் கேள்விக்குப் பதிலாக நான்கு எழுதட்டும், மற்றதை வாயால் சொல்லட்டும். இதற்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசிடம் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றி இந்தப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், அவர்களுக்கு வேண்டிய வசதியைச் செய்து தர வேண்டும் என்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகியவையும் அதில் இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின்போது இவை தேவைப்படும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடி கார்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

ஆசிரியரிடம் சண்டை போட வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு யாரும் வழி காட்டவில்லை. வட்டார வள மையத்தின் பிசியோதெரபிஸ்ட்டையும் சிறப்புப் பயிற்றுநரையும் ஒரு நாள் வகுப்புக்கே வரச் சொல்லி, ஆசிரியரும் நீங்களும் உடனிருந்து பேசுங்கள். ‘இந்த மூன்று மாதத்தில் இவன் பள்ளியில் தானாகச் செய்ய வேண்டியது என்ன?’ என்று கேளுங்கள். இரண்டு, மூன்று விஷயம் போதும்.

அதில் கழிப்பறை கட்டாயம் இருக்கட்டும். இந்தப் பிள்ளைகளில் பலர், கழிப்பறைக்குப் போக அடுத்தவர் உதவி கேட்கக் கூச்சப்பட்டு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அதனால் மலச்சிக்கல் வரும், மலச்சிக்கல் வந்தால் தசை இறுக்கமும் கூடும். பள்ளியில் சுவரோரக் கைப்பிடியும் மேற்கத்திய கழிப்பறையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

இன்னொன்று, களைப்பு. அவன் நடக்கும்போது மற்ற பிள்ளைகளைவிட இரண்டு, மூன்று மடங்கு சக்தி செலவாகிறது. காலையில் கடுமையாகப் பயிற்சி கொடுத்துவிட்டு அனுப்பினால் வகுப்பில் தூங்கித்தான் விழுவான். வீட்டிலிருந்து பள்ளி தூரம் என்றால் சக்கர நாற்காலியில் அழைத்துப் போங்கள், பள்ளிக்குள் வாக்கரில் நடக்கட்டும். சக்கர நாற்காலி வாங்கினால் நடையை மறந்துவிடுவான் என்று பயப்பட வேண்டாம்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பல ஒன்றியங்களில் கிடைப்பதில்லை. மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தில் கேளுங்கள். 18 வயது வரை அங்கே பார்ப்பார்கள். அங்கும் இல்லையென்றால் சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்கோ, முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்துக்கோ சில மாதங்களுக்கு ஒருமுறை போனால் போதும். அவர்கள் சொல்லித் தருவதைப் பள்ளியிலும் வீட்டிலும் செய்யலாம். போகும்போது அவன் நோட்டையும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) தரும் ‘நிராமயா’ காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை இருக்கிறது, அதில் தெரபி செலவும் அடங்கும்.

கடைசியாக ஒரு மருத்துவ விஷயம். இடுப்பு எக்ஸ்ரே எடுத்து எவ்வளவு நாள் ஆகிறது? வாக்கரில் நடக்கும் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டுப் பந்து மெல்ல மெல்ல வெளியே நழுவும் ஆபத்து உண்டு. ஆரம்பத்தில் வலிக்காது, நடையிலும் தெரியாது. வருடம் ஒருமுறையாவது எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கால்களை அகட்ட முன்பைவிடக் கஷ்டப்பட்டாலோ, உட்காரும்போது வலி என்றாலோ, நடை திடீரென்று குறைந்தாலோ அந்த வருடக் கணக்குக்குக் காத்திருக்காதீர்கள், அந்த வாரமே போய்ப் பாருங்கள்.