வாசகர் கேள்வி – பதில்: மோட்டாரா, குழாயா?

கேள்வி: கனடாவின் மார்க்கம் நகரில் கொஞ்சம் பழைய வீடு வாங்கியிருக்கிறோம். ஒரே மெஷினால் சுவர்க் குழாய் வழியாக வீடு முழுவதும் தூசி உறிஞ்சும் சென்ட்ரல் வாக்யூமின் இன்லெட் (ஹோஸ் மாட்டும் வாய்) மூன்று தளங்களிலும் சுவரில் இருக்கிறது. கராஜில் ஒரு வெள்ளைக் குழாயும் இரண்டு மெல்லிய வயர்களும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மெஷின்தான் இல்லை. கடைக்காரர் பெரிய மோட்டாராக வாங்கச் சொல்கிறார். வாங்கி மாட்டினால் போதுமா?
– வாசகி, மார்க்கம்

பதில்: போதாது. கடைக்காரர் மோட்டார் விற்பவர். உங்கள் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்டாரியோவில் வீடு கட்டுபவர்கள் குழாயையும் வயரையும் மட்டும் போட்டுச் சுவரை மூடிவிடுவது சகஜம். மெஷின் வாங்குபவர் பாடு. உங்கள் குழாயில் இன்றுவரை காற்றே ஓடாமல் இருந்திருக்கலாம். பசை தடவாமல் சும்மா செருகிய இணைப்புகளையும், டிரைவால் (சுவர்ப் பலகை) திருகாணி துளைத்த குழாய்களையும் இந்தத் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டேன். ஓட்டைக் குழாய்க்கு எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் வீண்.

முதலில் செலவில்லாத சோதனை. ஒரு ஷாப் வாக்யூமின் (பட்டறைகளில் பயன்படுத்தும் தனி வாக்யூம்) ஹோஸை கராஜ் குழாயில் வைத்து, இடைவெளியை டேப்பால் நன்றாகச் சுற்றுங்கள். இன்லெட் மூடிகள் எல்லாம் மூடியிருக்கட்டும். வாக்யூமை ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி மூடிகளின் விளிம்பிலும், பேஸ்மென்ட்டில் கண்ணுக்குத் தெரிகிற இணைப்புகளிலும் பிடியுங்கள். நெருப்பு நுனி பிளாஸ்டிக்கில் படக்கூடாது. புகை உள்ளே இழுபட்டால் அங்கே கசிவு. பெரும்பாலும் குற்றவாளி மூடியின் பழைய ரப்பர்தான், மாற்றுவது எளிது.

அடுத்து, இன்லெட்டிலிருந்து மெஷினை ஓடவைக்கும் அந்த மெல்லிய வயர். மெஷின் வந்ததும் அதிலுள்ள இரண்டு 24 வோல்ட் முனைகளையும் ஒரு சிறு கம்பியால் தொடுத்துப் பாருங்கள். மோட்டார் ஓடினால் மெஷினில் குறையில்லை. பிறகு வீட்டு வயர்களை அந்த முனைகளில் மாட்டி, ஒவ்வோர் இன்லெட்டிலும் உள்ள இரண்டு சிறு முனைகளையும் இப்படியே தொடுத்துப் பாருங்கள். எங்கே ஓடவில்லையோ அந்தப் பக்கத்து வயரில்தான் கோளாறு.

கடைசியாக கேஜ். அது உறிஞ்சும் வலுவை, நீரை எத்தனை அங்குலம் தூக்கும் என்ற கணக்கில் காட்டும். பொருத்த வருபவரிடம், மெஷினின் வாயிலேயே வைத்து அளந்துவிட்டு, ஒவ்வோர் இன்லெட்டிலும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மெஷினில் 120 என்றால் மாடிப் படுக்கையறையிலும் ஏறத்தாழ அவ்வளவு வரவேண்டும். 95தான் வருகிறது என்றால், “தூரம் அதிகம், அதனால்தான்” என்பார் பொருத்த வந்தவர். நம்பாதீர்கள். கேஜ் வாயை அடைத்திருக்கும்போது காற்று ஓடுவதில்லை. ஓடாத காற்றுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. குறைந்தால் கசிவுதான். சரிசெய்த பிறகே காசு கொடுங்கள்.

கராஜில் புதிதாகக் குழாய் இணைக்க வேண்டியிருந்தால், வாக்யூமுக்கென்றே விற்கும் 2 அங்குலக் குழாயை வாங்குங்கள். வடிகால் குழாய் பொருந்தாது. வெட்டிய விளிம்பின் பிசிறை உள்ளே சுரண்டி எடுங்கள். பசையைக் குழாயின் வெளிப்புறத்தில்தான் தடவவேண்டும். இணைப்புத் துண்டின் உட்புறத்தில் தடவினால் அது உள்ளே வழிந்து மேடாகிக் காய்ந்து, வருகிற முடியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுச் சுவரில் குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றி நன்றாக அடைத்துவிடுங்கள், கார்ப்புகை வீட்டுக்குள் வரக்கூடாது. மெஷினுக்குத் தனி சர்க்யூட் தேவை. அதை அனுமதி பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கேள்வி: பிள்ளையின் காலுறையை வாக்யூம் இழுத்துவிட்டது. இப்போது அந்த இன்லெட்டில் இழுவையே இல்லை. சுவரை உடைக்க வேண்டுமா?
– வாசகர், அஜாக்ஸ்

பதில்: வேண்டாம். முதலில் ஹோஸைக் கழற்றி, அதற்குள் சிக்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் இன்லெட்டுக்கு நேர் பின்னால் உள்ள வளைவில் நிற்கும். பெரிய பொருள் உள்ளே போய்விடாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான் அந்த வளைவை மட்டும் சட்டென்று திரும்பும்படி வைக்கிறார்கள். மெஷினை நிறுத்திவிட்டு, ஷாப் வாக்யூமை இன்லெட்டில் வைத்துப் பின்னோக்கி இழுங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள்; காலுறை உள்ளே போய்விடும்.