முதலில் கட்டம் போட்ட நோட்டு

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் முதுநிலை விலங்கியல் மாணவிகளுக்கு உயிர்தகவலியல், அதாவது மரபணு, புரதத் தரவுகளைக் கணினியால் ஆராயும் பாடம், எடுக்கிறேன். பலர் வீட்டில் கணினி இல்லை. கணினியில் தட்டச்சு செய்து வேலை வாங்கும் லினக்ஸ் கட்டளைகளில் தொடங்கினேன். மூன்றாம் வாரமே பின் வரிசை காலி. எங்கிருந்து தொடங்குவது?

க., கிருஷ்ணகிரி

அன்புள்ள க.,

லினக்ஸைப் பரண்மேல் போடுங்கள். முதல் வகுப்புக்குக் கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும்.

மனித இன்சுலினின் 51 அமினோ அமிலங்களையும் கட்டத்துக்கு ஒன்றாக எழுதச் சொல்லுங்கள். கீழே பன்றியின் இன்சுலின், அதற்கும் கீழே மாட்டினுடையது. பன்றியில் ஒரே இடம் மாறியிருக்கும், மாட்டில் மூன்று. இந்த இரண்டையும் ஏன் பல காலம் சர்க்கரை நோயாளிகளுக்குப் போட்டார்கள் என்பதைப் பெண்கள் தாங்களே சொல்லிவிடுவார்கள். பிறகு கேளுங்கள்: மாட்டின் மூன்று மாற்றங்களும் ஒரே எடையா? ஓரிடத்தில் ஐசோலியூசின் போய் வேலின் வந்திருக்கிறது. இரண்டும் தண்ணீருக்கு ஒதுங்கும் அண்ணன் தம்பிகள். மற்ற இரண்டிலும் திரியோனின் போய் அலனின் வந்திருக்கிறது. அங்கே ஒரு ஹைட்ராக்சிலே காணாமல் போய்விட்டது. எதற்கு எத்தனை மதிப்பெண் என்று அவர்கள் சண்டை போடட்டும். சண்டை ஓய்ந்ததும் ஓர் அமினோ அமிலம் இன்னொன்றாக மாறுவதற்கு மதிப்பெண் போடும் பிளோசம் 62 அட்டவணையைக் காட்டுங்கள்: முதலாவதற்கு 3, மற்றதற்கு 0. பெரும்பாலும் அவர்கள் சொன்ன வரிசையாகத்தான் இருக்கும். உயிரியல் படித்தவருக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். அதை அவர்களிடம் யாரும் சொல்லாததுதான் எனக்கு ஆற்றாமை.

அடுத்துதான் பிளாஸ்ட். ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையைக் கொடுத்தால், அதைப் போன்ற வரிசைகளைத் தரவுத்தளத்தில் தேடித் தரும் இணையக் கருவி, 1990 முதல் இருக்கிறது. தேடும் வேலையை அந்தத் தளத்தின் சர்வர் செய்வதால் கைப்பேசியே போதும். மாணவர்கள் தடுக்கி விழுவது ஈ-மதிப்பில், அதாவது இவ்வளவு நல்ல பொருத்தங்கள் தற்செயலாகவே எத்தனை வரலாம் என்று சொல்லும் எண்ணில். நான் மாதையனை வைத்து விளக்குவேன். பென்னாகரத்தில் ஒரு தெருவில் நின்று "மாதையா" என்று கூப்பிட்டால் ஒருவர் திரும்புவார். தருமபுரி பஸ் நிலையத்தில் கூப்பிட்டால் பத்துப் பேர். திரும்பியவர் எல்லாம் நாம் தேடியவரா? தரவுத்தளம் பெருத்தால் தற்செயல் பொருத்தமும் பெருகும். அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்துக் கூப்பிட்டால் கூட்டம் குறையும். வரிசை நீளமாக இருந்தால் நம்பிக்கை கூடுவதும் அப்படித்தான். ஒரே புரதத்தை ஒரு சிறிய தரவுத்தளத்திலும் பெரிய தரவுத்தளத்திலும் தேடவிட்டு, ஈ-மதிப்பு நகர்வதைக் கண்ணால் பார்க்கவிடுங்கள்.

"இங்கே அழுத்து, அங்கே அழுத்து" என்று அச்சடித்த தாளைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒரு பயிலரங்கில் அப்படித்தான் கொடுத்தார்கள். அதற்குள் அந்தத் தளத்தின் முகப்பு மாறியிருந்தது. பொத்தானைத் தேடியே முற்பகல் போயிற்று. எதைத் தேட வந்தோம் என்று ஒருவருக்கும் நினைவில்லை.

லினக்ஸ் எப்போது? ஐந்து வரிசைகளைக் கையால் பதிவிறக்கியவளிடம் ஐந்நூறு கேளுங்கள். முப்பதைத் தாண்டுவதற்குள் "இதற்கு வேறு வழியே இல்லையா, மேடம்?" என்பாள். அன்றைக்குப் பரணிலிருந்து இறக்குங்கள்.