பினாயிலை அப்புறம் ஊற்றலாம்

கேள்வி: எங்கள் ஹாஸ்டலில் சனிக்கிழமை ராத்திரி சிக்கன், வெங்காயப் பச்சடி. ஞாயிறு மத்தியானத்திலிருந்து 60 பேருக்குப் பேதி, காய்ச்சல். சிப்ரோ என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டும் சிலருக்குக் காய்ச்சல் விடவில்லை. சுகாதாரத் துறையினர் வந்து, நன்றாக இருப்பவர்களையும் துருவுகிறார்கள், மெஸ் மாஸ்டர்களிடம் மலப் பரிசோதனைக்கு டப்பா கொடுக்கிறார்கள். வார்டனோ கிச்சனை பினாயில் ஊற்றிக் கழுவச் சொல்கிறார். எதற்கு இவ்வளவு? — பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: முதலில் வார்டனைத் தடுங்கள். சாம்பிள் எடுக்கும் முன் கழுவினால் தடயமும் சேர்ந்து போய்விடும்.

சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே எல்லாரும் வாந்தி எடுத்திருந்தால், கிருமி உணவில் கக்கி வைத்த நச்சு என்று நினைக்கலாம், அதற்கு ஆன்டிபயாடிக்கே வேலை செய்யாது. உங்களுக்கு அரை நாளுக்கு மேல் கழித்து, காய்ச்சலோடு வந்திருக்கிறது என்பதால் சால்மோனெல்லா என்ற குடல் கிருமி மேல்தான் முதல் சந்தேகம் போகும். நோயாளிகள் எல்லாரும் சிக்கன் சாப்பிட்டார்கள் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சனிக்கிழமை ஹாஸ்டலில் சிக்கனை யார் விட்டார்கள்? பச்சடியை ஒதுக்கியவர்கள் மட்டும் தப்பியிருந்தால் அதுதான் துப்பு. நன்றாக இருப்பவர்களைக் கேட்பது அதற்குத்தான்.

சிப்ரோ போட்டும் காய்ச்சல் விடவில்லை என்றால் மருந்துக்கு அடங்காத கிருமியாக இருக்கலாம். அப்படிப்பட்டது கொதிக்கும் குழம்பிலும் பிழைக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை, சூட்டில் அதுவும் மற்றதைப் போலவே சாகும். பச்சைக் கோழி வெட்டிய பலகையிலேயே வெங்காயமும் நறுக்கினால்தான் வம்பு, பச்சடியை யாரும் கொதிக்க வைப்பதில்லையே.

மாஸ்டர்களுக்கு டப்பா எதற்கு என்றால், 2008ல் பார்சிலோனாவில் ஒரு மருத்துவமனையில் பல மருந்துகளுக்கு அடங்காத கிளெப்சியெல்லா கிருமி 156 நோயாளிகளிடம் பரவியது. வார்டுகளில் தேடியும் விளங்காமல் கடைசியில் சமையலறைக்குப் போனார்கள். அங்கே 20 மாதிரிகளில் 7ல் கிருமி, 44 ஊழியர்களில் 6 பேர் குடலிலும் அது இருந்தது. சமையலறையையும் வேலை முறையையும் மாற்றிய பிறகுதான் நின்றது. ஆகவே அந்த மாஸ்டர்களைக் குற்றவாளி மாதிரி பார்க்காதீர்கள், உடம்புக்கு ஒன்றும் செய்யாமலே கிருமி தங்கியிருக்கலாம், நீங்கள் தின்ற சிக்கனை அவர்களும்தானே தின்றார்கள்.

மலம் கொடுக்கும் முன் அடுத்தவர் மிச்சம் வைத்த மாத்திரையை விழுங்காதீர்கள், லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் அது வளராமலே போகலாம். எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க, அது வளர்ந்தாக வேண்டும். சாதாரணப் பேதிக்கு ஓஆர்எஸ் கரைசலே போதும். மலத்தில் ரத்தம் வந்தால், காய்ச்சல் விடாவிட்டால் உடனே டாக்டரிடம் போங்கள், உங்கள் ஹாஸ்டலில் அந்தச் சிலர் இன்றே போக வேண்டும்.

அந்தப் பச்சடி ஒரு கரண்டி மிச்சமிருந்தாலும் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, 'தொடாதே' என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.