லீ கோங் சியான் யார்?

கேள்வி: மகனுக்கு லீ கோங் சியான் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. "யார் அவர், பெரிய டாக்டரா?" என்று மாமியார் கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. – வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: முதலில் பிள்ளைக்கு என் வாழ்த்து. அவர் டாக்டர் இல்லை, ரப்பர் வியாபாரி. 1893-ல் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் பிறந்து, பத்து வயதில் அப்பாவைத் தேடி இங்கே சிங்கப்பூருக்கு வந்தவர். வந்த இடத்தில் அவர் படித்த பள்ளிகளில் ஒன்று சிராங்கூன் பக்கம் இருந்த ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளி! இதை மாமியாரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம் வாத்தியார் வேலை, பத்திரிகைக்கு மொழிபெயர்ப்பு என்று எதையெதையோ பார்த்துவிட்டு ரப்பர் தொழிலதிபர் டான் கா கீயிடம் வேலைக்குச் சேர்ந்தார், 1920-ல் அவருக்கே மருமகனும் ஆனார். மாமனார் 1921-ல் சியாமென் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர், பிறகு தொழிலே நொடித்துப் போனது. மருமகனோ மலாயாவின் மூவாரில் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகையில் தொடங்கி லீ ரப்பரை வளர்த்தார். 1952-ல் லீ அறக்கட்டளையை அமைத்தார். 1967-ல் அவர் காலமான பிறகும் அது கொடுத்துக்கொண்டே இருக்கிறது: 2004-ல் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்துக்கு 5 கோடி வெள்ளி (டாலர்), 2011-ல் உங்கள் மகன் சேரும் கல்லூரிக்கு 15 கோடி வெள்ளி.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது 1953-ல் பொது நூலகத்துக்கு அவர் தருவதாகச் சொன்ன 3,75,000 வெள்ளிதான். இலவசமாக இருக்கவேண்டும், நம் மக்களின் தாய்மொழிப் புத்தகங்களும் இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதுவரை ராஃபிள்ஸ் நூலகத்தில் சந்தா கட்டினால்தான் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகமுடியும். அவர் பணம் கொடுத்த நூலகத்தின் செங்கல் கட்டடம் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் 1960-ல் திறந்தது. நான் பள்ளி விட்டதும் வியர்வையோடு ஓடிப்போய்த் தமிழ் அலமாரிக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்து படித்ததெல்லாம் அங்கேதான். காசு கேட்டிருந்தால் அப்பா அனுப்பியிருக்கமாட்டார்.

கேள்வி: நம் தமிழர்கள் பல்கலைக்கழகத்துக்கு எதுவும் கொடுக்கவில்லையா? – வாசகர், ஈசூன்

பதில்: ஏன் இல்லை? 1950களில் மலாயா பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது, அங்கே தமிழ் படிக்க வழி வேண்டும் என்று 'தமிழ் முரசு' பத்திரிகையின் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். கூலி வேலை செய்தவர்கள்கூட ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். அந்தப் பணம் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகங்களாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு வெள்ளி அன்றைக்கு அவர்களுக்குச் சின்னக் காசு இல்லை.