சாவியைப் படம் எடுத்துப் போட்டால் பூட்டு போச்சா?

கேள்வி: போன மாதம் புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். மகள் சாவியைக் கையில் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டாள். அதைப் பார்த்த என் தம்பி, "உடனே பூட்டை மாத்து" என்று ஒரே சத்தம். பூட்டு ஆறாயிரம் ரூபாய். படத்தைப் பார்த்துச் சாவி செய்ய முடியுமா? (மதுரை வாசகி)

முடியும். தம்பி பக்கம்தான் நியாயம். ஆனால் ஆறாயிரத்தையும் மறுபடி கொட்ட வேண்டியதில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சாதாரண வெட்டுச் சாவி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் மேடும் பள்ளமும் தெரியும். பூட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்னப் பின்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு பள்ளமும் ஒரு பின்னை அதற்குரிய உயரத்தில் நிறுத்தும். எல்லாம் ஒரே கோட்டுக்கு வந்தால் உருளை திரும்பும். லைனஸ் யேல் 1861-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. பூட்டின் ரகசியம் மொத்தமும் அந்தப் பள்ளங்களின் ஆழம்தான். அதைத்தான் வளையத்தில் கோத்து விரலில் சுழற்றிக்கொண்டு திரிகிறோம். அந்தக் காலத்துப் பாட்டிகள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகி முந்தானையால் மூடியது எவ்வளவு விவரமான காரியம்!

மங்கலான படத்திலிருந்து மில்லிமீட்டர் கணக்கை எப்படி எடுப்பார்கள் என்று தோன்றலாம். அவ்வளவு துல்லியம் தேவைப்படுவதில்லை. செருப்பு சைஸ் போல, ஆழங்களும் குறிப்பிட்ட படிகளில்தான் வரும். அமெரிக்காவில் பரவலாக இருக்கும் ஷ்லேஜ் பூட்டின் சாவியில் பெரும்பாலும் ஐந்து வெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை பத்து ஆழங்கள். படிக்குப் படி சுமார் 0.38 மி.மீ. அப்படியென்றால் அந்தச் சாவியே ஓர் ஐந்து இலக்க எண். காலைப் பார்த்ததும் "எட்டாம் நம்பர்" என்று எடுத்துப்போடும் கடைக்காரரைப் போல, பழகிய கண் பள்ளத்தைப் பார்த்தே "இது மூணு, இது ஏழு" என்றுவிடும். எண் கிடைத்துவிட்டால் அசல் சாவியைத் தொடவே வேண்டாம். முன்பெல்லாம் சாவியைச் சோப்பில் அழுத்தி அச்சு எடுக்கவாவது அரை நிமிஷம் அது கையில் சிக்க வேண்டியிருந்தது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 2008-ல் கணினி அறிவியல் பேராசிரியர் ஸ்டீபன் சாவேஜ் குழுவினர் இதைச் செய்தே காட்டினார்கள். மேஜை மேல் கிடந்த சாவிக்கொத்தை 195 அடி தூரத்தில், ஒரு மொட்டை மாடியிலிருந்து டெலி லென்ஸில் படம் பிடித்தார்கள். சாவி சாய்ந்து கிடந்தும் பிரச்சினை இல்லை. கோணத்தைச் சரிசெய்து எண்ணைச் சொல்ல மென்பொருள் இருந்தது. சூட்கேஸ்களில் சிவப்பு வைர முத்திரையோடு வரும் டிஎஸ்ஏ (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) பூட்டின் கதையும் இப்படித்தான். அமெரிக்க விமான நிலைய அதிகாரிகளிடம் இருக்கும் மாஸ்டர் சாவிகளின் படம் 2014-ல் வாஷிங்டன் போஸ்ட்டில் வெளியானது. அடுத்த ஆண்டே அவற்றின் முப்பரிமாண அச்சு வடிவங்கள் இணையத்துக்கு வந்துவிட்டன. வீட்டில் அச்சடித்த பிளாஸ்டிக் சாவிக்கே பூட்டு திறந்தது. அந்தப் பூட்டை நம்பிப் பெட்டியில் நகை வைக்காதீர்கள்.

சரி, உங்கள் சாவி எந்த வகை? ஓரத்தில் பல் வெட்டியிருந்தால், பக்கவாட்டுப் படம் ஒன்றே போதும். தட்டையான முகத்தில் குழி குழியாக இருந்தால் கொஞ்சம் கஷ்டம். குழியின் ஆழம் நேர்ப்படத்தில் அவ்வளவு எளிதாகப் பிடிபடாது. ஆனாலும் அடியோடு முடியாது என்று சொல்ல மாட்டேன். நம் ஊர் லீவர் பூட்டுச் சாவியின் பல்லும் வெளியே தெரிவதுதான். சாவிக்குள் காந்தமோ அசையும் உருண்டையோ வைத்த ரகங்கள் மட்டும் வெறும் படத்துக்கு எளிதில் மசியாது. இன்னொன்று, சாவியின் தலையிலோ அதனுடன் வந்த அட்டையிலோ எண் பொறித்திருந்தால் அதையும் காட்டக் கூடாது. பல பூட்டுகளுக்கு அந்த எண்ணைச் சொன்னாலே சாவி வெட்டித் தந்துவிடுவார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத திருடன் இன்ஸ்டாகிராம் பார்த்துச் சாவி வெட்டிக்கொண்டு மதுரைக்கு வருவது அபூர்வம். அவனுக்குக் கடப்பாரையும் நாதாங்கியும் போதும். என் கவலை வேறு. அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் பலருக்கு உங்கள் வீடும் தெரியும், நீங்கள் ஊருக்குப் போகும் நாளும் தெரியும். கள்ளச் சாவியால் திறந்த கதவில் கீறல்கூட இருக்காது. பழி வேலைக்கார அம்மா மேல் விழும்.

முதலில் இன்ஸ்டாகிராமிலிருந்து படத்தை நீக்கிவிடச் சொல்லுங்கள். அப்புறம் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல்லோ குழியோ தெரியாமல் விரல் மறைத்திருந்தால் விட்டுவிடலாம். தெரிந்தால், சாவி நுழையும் உருளையான சிலிண்டரை மட்டும் மாற்றுங்கள். கைப்பிடி, பூட்டுப் பெட்டி எல்லாம் பழையபடி இருக்கட்டும். கதவின் விளிம்பில் தாழ் நாக்குக்குக் கீழே ஒரு நீள ஸ்க்ரூ இருந்தால் உங்களுடையது கழற்றக்கூடிய சிலிண்டர். ஸ்க்ரூவைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பி இழுத்தால் முழுதாக வெளியே வரும். அதையே கடைக்குக் கொண்டுபோய் அதே நீளத்தில் வாங்குங்கள். ஸ்க்ரூ துளையிலிருந்து இரண்டு முனைக்கும் உள்ள தூரம் தனித்தனியாகப் பொருந்த வேண்டும். கதவின் உட்புறம் பெட்டி போல் பொருத்திய பூட்டு என்றால், கம்பெனி சர்வீஸ் ஆளையே கூப்பிட்டுவிடுங்கள்.

புதியதை மாட்டியதும் கதவைத் திறந்து வைத்தபடியே எல்லாச் சாவிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். எல்லாம் சரியாக ஓடிய பிறகு கதவைச் சாத்துங்கள்.