பட்டம் பிடித்த மீன்

கேள்வி: பட்டத்தால் விளையாட்டைத் தவிர வேறு பயன் உண்டா? மீன்கூடப் பிடிப்பார்களாமே?

பதில்: உண்மைதான். பசிபிக் கடலில் உள்ள சாலமன் தீவுகளில் முரல் மீனை அப்படிப் பிடித்தார்கள். பட்டம் ஓலையால் ஆனது. அதிலிருந்து தொங்கும் நூலின் நுனியில் தூண்டில் முள் கிடையாது. சிலந்தி வலையைத் திரட்டிய சுருள்தான். தோணியைக் காற்றுக்கு எதிராகச் செலுத்தினால், சுருள் நீர்மேல் துள்ளித் துள்ளிப் போகும். கவ்விய முரலின் ஊசிப் பற்கள் இழைகளில் சிக்கிக்கொள்ளும், விடுபடாது. மேல்நீரில் திரியும் முரல் தோணியைக் கண்டால் மிரளும். பட்டமோ இரையைத் தள்ளியே வைக்கிறது. எவ்வளவு அருமையான யோசனை! காற்று தளர்ந்தால்தான் சிக்கல்: ஓலை நீரில் விழுந்து கனத்துவிடும்.

நயாகராவில் 1848-இல் பாலம் கட்ட முதல் நூலைக் கடத்தியதும் ஹோமன் வால்ஷ் என்ற சிறுவனின் பட்டமே. அந்த நூலில் கயிறு, பிறகு கம்பிவடம் என்று கனம் கூட்டி இழுத்தார்கள்.