பதில்: கடலில் இரண்டு மணி நேரத்தில் வாந்தி வருகிறது

குளத்தில் எட்டு கிலோமீட்டர் அலுக்காமல் நீந்துகிறீர்கள், கடலில் மட்டும் இரண்டு மணி நேரத்தில் வாந்தி, இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தும் ஆசையை விட்டுவிடலாமா என்கிறீர்கள். விட வேண்டாம். தூரத்தையும் இப்போதைக்குக் கூட்டாதீர்கள். கைகளுக்குப் பயிற்சி போதும், வயிற்றுக்குத்தான் இல்லை.

ஒரே பக்கம் மூச்சு வாங்குபவரா? அந்தப் பக்கமிருந்து அலை வந்தால் மடக்கு மடக்காக உப்புத் தண்ணீர் உள்ளே போகும். இரண்டு பக்கமும் வாங்கப் பழகுங்கள். மூச்சை முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே விட்டுவிட்டால், வாய் திறந்திருக்கும் நேரம் குறையும்.

அப்புறம் சாப்பாடு. அந்த 30 கிலோமீட்டர் சொச்சத்துக்குப் பலருக்குப் பத்து மணி நேரம் ஆகும், வெறும் வயிறு தாங்காது. அரை மணிக்கு ஒருமுறை, கூட வரும் படகிலிருந்து கயிறு கட்டி வீசும் பாட்டிலில் 200 மில்லி போல, நீர்க்கக் கரைத்த குளுக்கோஸ். கெட்டியாகக் கலக்கினால் குமட்டும். மல்லாந்து மிதந்தபடி குடியுங்கள். படகைப் பிடித்தால் நீச்சல் கணக்கில் சேராது. இதைப் பயிற்சியிலேயே செய்து பாருங்கள். கழுத்துக்கும் அக்குளுக்கும் வாசலின் மறக்காதீர்கள், உப்பில் உரசினால் சட்டை போட முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் வாந்தி நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிட்டு இறங்குங்கள்.